குழந்தைகளின் பாட்காஸ்ட் அறிமுகம்: எழுதிப் படிக்க வைப்பதா, கேட்டுப் பேச வைப்பதா?

எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் ஒரு குழந்தை, தன் பாட்காஸ்ட் எதைப் பற்றியது என்று 30 விநாடியில் சொல்ல வேண்டும். இதற்கு உதவ உட்காரும் பெரியவர்கள் முதலில் யோசிப்பது மைக் பற்றித்தான். மைக்கைப் பிறகு பார்ப்போம். கேட்பவர் காதில் முதலில் படுவது குழந்தை பேசுகிறதா, ஒப்பிக்கிறதா என்பது. எவ்வளவு விலை கொடுத்து மைக் வாங்கினாலும் ஒப்பிப்பு ஒப்பிப்பாகவே பதிவாகும்.

படிப்பது, மனப்பாடம், கேள்வி-பதில்

எழுதிக் கொடுத்துப் படிக்க வைப்பதில் ஒரு வசதி உண்டு. எதுவும் விட்டுப்போகாது, நேரத்தையும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 30 விநாடிக்கு 40 தமிழ்ச் சொற்கள் போதும். 50-ஐத் தாண்டினால் குழந்தை மூச்சு வாங்க இடமில்லாமல் ஓடும். சிக்கல், நம் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறு என்பதில் இருக்கிறது. பெரியவர் எழுதித் தரும் தாள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இன்று நான் பறவைகளைப் பற்றி உங்களுடன் உரையாட வந்திருக்கிறேன்." இது பேச்சுப்போட்டி மேடைக்கான குரல். அதே குழந்தையைச் சும்மா பேசவிட்டால் வருவது வேறு: "எங்க மொட்டை மாடிக்கு தினமும் ஒரு காக்கா வரும். அதுக்கு ஒரு கால் மடங்கியே இருக்கும். ஏன்னு கண்டுபிடிக்கப் போறேன்." பதினைந்தே சொற்கள். கேட்பவர் அடுத்ததையும் கேட்காமல் போகமாட்டார்.

எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் பேசுகிறபடியே எழுதுங்கள். 'வந்திருக்கிறேன்' வேண்டாம், 'வந்திருக்கேன்' என்றே இருக்கட்டும். ஒரு வரிக்கு ஒரு வாக்கியம், பெரிய எழுத்து, ஒரே தாள். தாளைக் கையில் கொடுத்தால் சரசரப்பு பதிவாகும். மேசைமேல் வைத்தால் குழந்தை குனியும், குரல் தொண்டைக்குள்ளேயே நிற்கும். கண் உயரத்தில் சுவரில் ஒட்டுவதே சரி. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளிலும் வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளிலும் பலர் தமிழை நன்றாகப் பேசுவார்கள், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அவர்களிடம் தாளைக் கொடுப்பது, இருக்கிற திறமையை மறைத்துவிட்டு இல்லாததைப் பதிவு செய்வதாகிவிடும்.

மனப்பாடத்துக்கு ஒரே ஓர் இடம்தான் தரலாம்: நிகழ்ச்சியின் பெயர் வரும் கடைசி வரி. ஒவ்வொரு பகுதியிலும் அது மாறாமல் வரும் என்பதால் மனப்பாடமாக இருப்பது நல்லது. முழு அறிமுகத்தையும் மனப்பாடம் செய்தால், நடுவில் ஒரு சொல் தட்டியதும் குழந்தை முதலிலிருந்து தொடங்கும். எல்லா வாக்கியமும் ஒரே ராகத்தில் முடியும்.

மூன்றாவது வழி கேள்வி-பதில். இதையே முதலில் முயலச் சொல்வோம். பெரியவர் மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்க வேண்டும்: "இந்த நிகழ்ச்சில என்ன சொல்லப் போற?", "அது உனக்கு ஏன் பிடிக்கும்?", "இன்னைக்கு எதைப் பத்தி?" பதிலை மட்டும் வைத்துக்கொண்டு கேள்விகளை வெட்டிவிடலாம். இது கெட்டுப்போவதும் மூன்று இடங்களில்தான். ஒன்று, குழந்தை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வது. "காக்கா" என்று மட்டும் வந்தால் கேள்வி இல்லாமல் அதற்குப் பொருளில்லை. "முழுசா ஒரு வாக்கியமா சொல்லும்மா, எனக்கு எதுவுமே தெரியாதுன்னு வச்சுக்கோ" என்று கேட்டால் போதும். இரண்டு, பெரியவரின் குரல் பதிலோடு மோதுவது. "ஆமா", "சூப்பர்" என்று இடையில் சொன்னால் அந்தத் துண்டை வெட்டவே முடியாது. தலையை மட்டும் ஆட்டுங்கள். பதில் முடிந்ததும் மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டுத்தான் அடுத்த கேள்வி. அந்த மௌனத்தில்தான் குழந்தை பல நேரம் இன்னொரு நல்ல வரியைச் சேர்க்கும். மூன்று, உச்சரிப்பைத் திருத்துவது. ழகரம் வழுக்கினால் வழுக்கட்டும். நடுவில் திருத்தினால் அடுத்த வாக்கியத்தில் குழந்தை ழகரத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கும்.

எந்த வழியானாலும் ஐந்து முறைக்கு மேல் பதிவு செய்யாதீர்கள். அதற்குமேல் குரலில் களைப்பு தெரியும். இடையில் பதிவைப் போட்டுக் காட்டவும் வேண்டாம். நாம் பேசும்போது நம் குரல் எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது. பதிவில் அது இல்லாததால் குரல் மெலிந்து, வேறு யாருடையதோபோல் இருக்கும். முதல்முறை கேட்கும் குழந்தை கூச்சப்பட்டு அடுத்த முறை குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

போனா, காலர் மைக்கா, யூஎஸ்பி மைக்கா

கையிலுள்ள போனே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். அதன் மைக் பெரும்பாலும் கீழ் விளிம்பில், சார்ஜர் செருகும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த விளிம்பு குழந்தையின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ப, ட போன்ற ஒலிகளில் காற்று மைக்கில் அடித்து 'டப்' என்று விழும். குறிப்பாக 'பாட்காஸ்ட்' என்ற சொல்லைச் சில பிள்ளைகள் ஆங்கிலப் பாணியில் காற்றோடு சொல்வார்கள், அங்கே கவனியுங்கள். போனைக் குழந்தை கையில் தராமல், மடித்த துண்டின்மேல் புத்தகத்தில் சாய்த்து வையுங்கள். ஏரோபிளேன் மோடு போட மறக்காதீர்கள்.

காலர் மைக் தூரத்தை மாறாமல் வைத்திருக்கும். நெளியும் குழந்தைக்கு இது நல்லது போலத் தோன்றும், ஆனால் நெளிவதே இங்கே எதிரி. துணி உரசும், கழுத்துச் செயின் தட்டும், கை வயரைத் திருகும். பருத்திச் சட்டையில், தாடையிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டி, வயரை ஒரு சுற்றுச் சுற்றி டேப்பால் உள்பக்கம் ஒட்டினால் சமாளிக்கலாம். பலரிடம் இருக்கும் போயா பிஒய்-எம்1 மைக்கின் வயரில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. போனில் பதிவு செய்யும்போது அது ஸ்மார்ட்போன் பக்கம் இருக்கவேண்டும். கேமரா பக்கம் மாறிக் கிடந்தால் ஒலி சரியாக வராது.

யூஎஸ்பி மைக்குகளில் கண்டென்சர், டைனமிக் என்று இரண்டு வகை. கண்டென்சர் அறையிலுள்ள எல்லாவற்றையும் கேட்கும்: பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் போகும் ஆட்டோ, எல்லாம். ப்ளூ யெட்டி போன்றவற்றில் பேசவேண்டியது மைக்கின் முன்பக்கத்தைப் பார்த்து; பிள்ளைகளோ ஐஸ்கிரீமைப் பார்ப்பதுபோல் உச்சியைப் பார்த்தே பேசுவார்கள், குரல் மங்கிப்போகும். டைனமிக் வகை அறை ஓசையைக் குறைவாக எடுக்கும். ஆனால் நான்கு விரல் தூரத்திலேயே வாய் இருக்கவேண்டும், தலை திரும்பினால் சத்தம் விழுந்துவிடும். வாரா வாரம் நிகழ்ச்சி செய்யப்போகிற பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு டைனமிக் வாங்கலாம். ஒரே ஓர் அறிமுகத்துக்காக எதையும் வாங்க வேண்டாம்.

அறை விஷயத்தில் பெரிய போட்டி இல்லை. டைல்ஸ் போட்ட ஹாலைவிட, மெத்தையும் துணி நிறைந்த அலமாரியும் உள்ள படுக்கையறை எப்போதும் மேல். மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். அறை சூடாகும் என்பதால் கேள்வியெல்லாம் முன்பே பேசி முடித்துவிட்டு, பதிவுக்கு மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். யாரும் பேசாத 10 விநாடியையும் தனியாகப் பதிந்து வையுங்கள், பின்னால் இரைச்சலை நீக்க உதவும்.

வெட்டி ஒட்டுவது

முன்னும் பின்னும் நறுக்கினால் மட்டும் போதுமென்றால் போனின் ரெக்கார்டர் செயலியே செய்யும். கேள்விகளை வெட்டுவதற்கு, கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் நல்லது, இலவசமும்கூட. போன் ரெக்கார்டர்கள் பல சேமிக்கும் எம்4ஏ (M4A) வகை ஒலிக்கோப்பை விண்டோஸ் கணினியில் அதில் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரல் தேவைப்படும். ரெக்கார்டரில் வேவ் (WAV) கோப்பு வகை இருந்தால் அதிலேயே பதிந்துவிடுங்கள். போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலேயே பேசி அனுப்பும் வாய்ஸ் நோட், ஒலியைச் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும்.

திரையில் தெரியும் ஒலி அலையின் உச்சம் -12-க்கும் -6 டெசிபலுக்கும் (0 தான் உச்சவரம்பு) இடையே இருந்தால் நல்ல பதிவு. உச்சியில் தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் அது குழந்தை திடீரென்று கத்திய இடம். அதைச் சரியாக மீட்க முடியாது, மறுபடி பேச வையுங்கள். பின்னணி இரைச்சலை நீக்க, அந்த 10 விநாடி மௌனத்தைத் தேர்ந்து ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷனில் மாதிரி எடுத்து, பிறகு முழுப் பதிவுக்கும் 6 டெசிபல் குறைப்பு கொடுங்கள். அதைவிட அதிகமாகக் கொடுத்தால், சின்னக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடலாம். வாக்கியத்துக்கு முன் வரும் மூச்சை வெட்டாதீர்கள். வெட்டினால் எந்திரம் பேசுவதுபோல் ஆகிவிடும்.

முழுப்பெயர், பள்ளி, தெரு மூன்றும் எந்த இடத்திலாவது வந்திருக்கிறதா என்று இந்தக் கட்டத்தில் பாருங்கள். கேள்வி-பதிலில் பிள்ளைகள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் மட்டும் போதும்.

இசைக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமைச் சிக்கல் வரும். பாட்காஸ்டில் பயன்படுத்த உரிமம் தரும் இசையை எடுக்கலாம். அதைவிட, குழந்தையே டம்ளரில் கரண்டியால் தட்டிய நான்கு விநாடித் தாளம் அந்த நிகழ்ச்சிக்கென்றே ஓர் அடையாளமாகும். குரல் தொடங்கியதும் இசை 15 டெசிபலாவது கீழே போகட்டும். முடித்த பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, போன் ஸ்பீக்கரில் பாதிச் சத்தத்தில், அடுப்படியில் வைத்து ஒருமுறை கேளுங்கள். முதல் சொல் புரியவில்லை என்றால் இசையை இன்னும் 3 டெசிபல் குறையுங்கள்.