ஒரே கூடத்தில் மதியச் சாப்பாடு: கோவை பம்ப் ஆலை ஒன்றின் பல்லாண்டு அனுபவம்

கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் நடுத்தர ஆலை ஒன்றின் பணியாளர் நலப் பிரிவில் வேலை செய்கிறேன். 2018 முதல் எங்கள் ஆலையில் தொழிலாளர், அலுவலர், பொறியாளர், நிர்வாகி எல்லோருக்கும் ஒரே கூடம், ஒரே சாப்பாடு என்ற ஏற்பாடு நடந்து வருகிறது. இடையில் கொரோனாக் காலம் வந்து போனது. சமையல் ஒப்பந்தக்காரர் மாறினார். வடமாநிலத் தொழிலாளர் பெருகினர். இவ்வளவையும் கூட இருந்து பார்த்ததால், இந்த ஏற்பாட்டால் ஆவது எது, ஆகாதது எது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. சாப்பாடு ருசியாக இருந்தால் கேன்டீனைப் பற்றிய புகார்கள் குறையும், அவ்வளவுதான். ஆட்கள் ஒருவரோடொருவர் பழகுவதற்கு, அவசரமில்லாமல் உட்காரக் கிடைக்கும் நேரமும், வேறு பிரிவுக்காரர் பக்கத்தில் வந்து உட்காரும்படியான அமைப்பும் வேண்டும் என்பதே என் அனுபவம்.

கேன்டீன் என்பது நிர்வாகத்தின் தயவு என்று பலர் நினைக்கின்றனர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் அமைக்கச் சொல்லும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்தது. அந்த உணவகத்தை நடத்துவதற்கான குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறுவதும், நடத்தும் செலவில் எதெதைச் சாப்பாட்டு விலையில் ஏற்றக்கூடாது என்பதும் அதே பிரிவின் கீழ் விதிகளாக வகுக்கப்படக்கூடியவையாக இருந்தன. எங்கள் ஆலையிலும் கேன்டீன் வெகுகாலமாக இருந்தது. ஆனால் மேலே அலுவலர்களுக்கு மின்விசிறியும் கண்ணாடி டம்ளரும் உள்ள ஒரு கூடம், கீழே ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் அடியில் தொழிலாளர் கூடம் என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. குழம்பு ஒரே அண்டாவிலிருந்து வந்தாலும், பத்தாண்டு ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல் இருந்தனர். 2018-இல் கீழ்க் கூடத்தின் கூரையை மாற்றி, கைகழுவும் இடத்தை விரிவாக்கி, மேல் கூடத்தை மூடிவிட்டோம்.

முதலில் கண்ணில் பட்ட குறை நேரம்தான். ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி நேர இடைவேளை கொடுக்க வேண்டும் என்றது அதே 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. பெரும்பாலான ஆலைகள் அந்த அரை மணியையே அப்படியே கொடுக்கின்றன. இயந்திரத்தை நிறுத்தி, கையில் உள்ள கட்டிங் ஆயிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நடந்து வந்து, வரிசையில் நின்று தட்டை வாங்கி உட்காரும்போது பாதி நேரம் போய்விடும். மீதி நேரத்தில் சோற்றை விழுங்கத்தான் முடியுமே தவிர, எதிரில் இருப்பவரோடு பேச முடியாது. இடைவேளையை முக்கால் மணியாக்க வேண்டும் என்று நாங்கள் எழுதிக்கொடுத்தபோது உற்பத்திப் பிரிவு கடுமையாக எதிர்த்தது. இறுதியில் ஷிப்டைக் கால் மணி முன்னதாகத் தொடங்குவது என்று தொழிற்சங்கத்தோடு பேசி ஒப்புக்கொண்டோம். கூடவே, வரிசையைக் குறைக்க, கூட்டும் பொரியலும் மேசையிலேயே பாத்திரங்களில் வைக்கப்பட்டன. இந்த இரண்டாவது மாற்றம் நான் எதிர்பார்த்ததை விட அதிகம் சாதித்தது என்றே சொல்வேன். பாத்திரத்தை நகர்த்தித் தரும்படி பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தையாவது கேட்டாக வேண்டும் அல்லவா; முகம் மட்டுமே தெரிந்தவர்களுக்கு இடையே பேச்சு தொடங்க அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

கூடத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடம் போதாது என்பதால் மூன்று பந்திகளாகச் சாப்பிடுகிறோம். தொடக்கத்தில் இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிக்கு ஒரு பந்தி, வார்த்ததைக் கடைந்து சீராக்கும் மெஷின் ஷாப்புக்கு ஒரு பந்தி, பாகங்களைப் பூட்டும் அசெம்பிளிக்கும் அலுவலகத்துக்கும் ஒரு பந்தி என்று பிரித்திருந்தோம்; நிர்வாகத்துக்கு அதுதான் எளிது. ஆனால் காலை முழுவதும் ஒன்றாக நின்றவர்களே மதியமும் ஒன்றாக உட்கார்ந்தனர். ஒவ்வொரு பிரிவையும் மூன்றாகப் பிரித்து மூன்று பந்திகளிலும் கலந்து போட்ட பிறகுதான் கூடத்தின் பேச்சு மாறியது. ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அசெம்பிளியில் இருக்கும் ஒருவர், பம்பின் வெளிக்கூடான கேசிங்கில், கசிவைத் தடுக்கும் கேஸ்கட் உட்காரும் முகத்தில் பிசிறு இருப்பதால் ஒவ்வொன்றையும் அரத்தால் தேய்த்துத்தான் பூட்ட வேண்டியிருக்கிறது என்று சாம்பார் ஊற்றிக்கொண்டே சலித்துக்கொண்டார். எதிரில் இருந்த மெஷின் ஷாப் ஆபரேட்டர் கையை நிறுத்திவிட்டார். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்சர்ட்ட அன்னிக்கே மாத்தியிருப்பமுங்களே" என்றார். இன்சர்ட் என்பது இயந்திரத்தில் உலோகத்தைச் சீவும், தேய்ந்தால் மாற்றக்கூடிய வெட்டுமுனை. தேய்த்துச் சரிசெய்துவிட்டதால் அந்தக் குறை கசிவைப் பார்க்கும் லீக் டெஸ்டில் தெரியவில்லை. லீக் டெஸ்டில் தெரியாததால் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பதிவேட்டில் இல்லாததால் வாராந்தரத் தரக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. மறுநாள் அந்த ஆபரேட்டரே அசெம்பிளிக்குப் போய், அரத்தால் தேய்க்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். இப்படிப்பட்ட தகவல் எந்தக் கருத்துக்கணிப்புப் படிவத்திலும் வந்து சேராது என்பதால்தான் பந்தியைக் கலந்து போடுவதில் நான் இன்றும் விடாப்பிடியாக இருக்கிறேன்.

சமையலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்களுக்கு முதலில் வாய்த்த ஒப்பந்தக்காரர் சில மாதங்கள் அருமையாகப் போட்டார். பிறகு அரிசி மாறியது, சாம்பாரில் பருப்பு கீழே போய்த் தண்ணீர் மேலே வந்தது, பொரியலில் தேங்காய் காணாமல் போனது. ஒரு தலைக்கு இவ்வளவு என்று விலை பேசி ஒப்பந்தம் போட்டால், காய்கறி விலை ஏறும்போதெல்லாம் அந்தச் சுமை கடைசியில் தட்டின் மேல்தான் இறங்கும். ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய், மளிகை ஆகியவற்றை ஆலையே வாங்கிக் கொடுப்பது, ஒப்பந்தக்காரருக்குச் சமையல் கூலியும் மேற்பார்வைக் கட்டணமும் மட்டும் கொடுப்பது என்று மாற்றினோம். தட்டுக் கழுவும் இடத்தில் மிச்சத்தைக் கொட்டும் தொட்டியைத் தினமும் எடை போட்டுக் கரும்பலகையில் எழுதுகிறோம். எந்த நாளில் எந்தப் பதார்த்தம் கொட்டப்பட்டது என்று பார்த்தால் சமையலின் தரம் விளங்கிவிடும். தனியாக ஆலோசனைப் பெட்டி தேவைப்படவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு அரிசிம்பருப்புச் சாதம் போடும் நாளில் தொட்டி ஏறக்குறைய காலியாகவே இருக்கும்.

சாப்பாட்டை முழுவதும் இலவசமாகக் கொடுக்கலாம் என்று நிர்வாகம் ஒரு கட்டத்தில் முன்வந்தது. கேன்டீன் குழுவில் இருந்த மூத்த தொழிலாளர்களே வேண்டாம் என்றனர். காசு கொடுத்துச் சாப்பிட்டால்தான் உப்பில்லை என்று தலை நிமிர்ந்து சொல்ல முடியும் என்பது அவர்கள் வாதம். அது மிகச் சரியான வாதம் என்று இன்றும் கருதுகிறேன். சிறு தொகை சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது; அதனால் குழுக் கூட்டத்தில் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வலு இருக்கிறது.

ஒடிசா, பீகார் தொழிலாளர் வந்து சேர்ந்தபோது கேன்டீன் சற்றுத் தடுமாறியது. அவர்களுக்கென்று சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் கறியும் தனியாகப் போட்டோம். விளைவாக அவர்கள் தனி மேசையில் ஒதுங்கினர். பலரும் ஒடிசாக்காரர்கள் என்பதையும், ஒடிசாவில் சோறுதான் முதன்மையான உணவு என்பதையும் நாங்கள் விசாரித்து அறிந்தது அதன் பிறகுதான். சித்திரை வெயிலில் அவர்கள் ஊரில் பக்காளா என்று நீரூற்றிய சோற்றைச் சாப்பிடுவார்கள். நம் பழைய சோற்றிலிருந்து அது அதிக தூரத்தில் இல்லை. ஃபவுண்டரிச் சூட்டில் நிற்பவர்களுக்கு ஆகட்டும் என்று ஒரு கோடையில் காலைச் சாப்பாட்டோடு பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர்மிளகாய் ஆகியவற்றைக் குழு சேர்த்தது. அன்று அவர்களில் ஒருவர், ஊரிலிருந்து கொண்டுவந்த உளுந்து வடகத்தை வறுத்து நொறுக்கி, பச்சைமிளகாயும் பூண்டும் சேர்த்துப் பிசைந்து ஒரு டப்பாவில் எடுத்து வந்தார். எங்கள் மோல்டிங் பிரிவுப் பெரியவர் அதை ஒரு விரலால் தொட்டு நாவில் வைத்துவிட்டு, "இது நம்ம வடகந்தானப்பா" என்று டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தனி மேசை அத்துடன் கலைந்தது. இந்தி வகுப்பு, தமிழ் வகுப்பு என்று நாங்கள் முன்பு நடத்திய எதற்கும் இவ்வளவு பலன் இருந்ததில்லை.

ஒன்றாகச் சாப்பிடும் ஏற்பாடு சிலரை வெளியே நிறுத்திவிடவும் கூடும். இதைத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பெண்கள் பலர் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவருவார்கள். டோக்கன் வாங்காதவர்கள் கூடத்தில் இடத்தை அடைக்கிறார்கள் என்று ஒப்பந்தக்காரர் ஆட்சேபித்தபோது, டிபன் பாக்ஸுக்கும் அதே மேசையில் இடம் உண்டு என்று எழுத்தில் உத்தரவு போட வேண்டியிருந்தது. ரமலான் மாதத்தில் மதியக் கூடத்துக்கு வராத தோழர்களுக்காக, மாலை ஷிப்டின் தேநீர் இடைவேளையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, நோன்புக் கஞ்சி எல்லோருக்கும் ஊற்றுகிறோம். சைவக்காரர்களுக்கு தனிக் கரண்டி, தனிப் பாத்திரம், தனி அடுப்பு எல்லாம் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். தனி மேசை மட்டும் கொடுக்கக் கூடாது. சைவம் என்ற பெயரில் கேட்கப்படும் தனி மேசை எந்த வகையில் போய் முடியும் என்பது நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் குழுவின் வாக்கெடுப்புக்கே இடம் கொடுக்கவில்லை.

நிர்வாக இயக்குநர் வாரம் ஒருநாள் கீழே வந்து சாப்பிடத் தொடங்கியபோது அவர் மேசையில் யாரும் உட்காரவில்லை. அவர் சாப்பிட்டு முடித்து எழுந்து நான்கு வார்த்தை பேசுவதும் வழக்கமாயிற்று. அதனால் அந்த நாளின் சாப்பாடு கூட்டமாக மாறிவிட்டது. இரண்டு மாற்றங்களைக் கேட்டுக்கொண்டோம்: தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும், உற்பத்திக் கணக்கைப் பற்றிக் கூடத்தில் வாய் திறக்கக் கூடாது. அவர் இரண்டுக்கும் இணங்கினார். வரிசையில் முன்னால் நிற்பவர் தம் மகளின் பாலிடெக்னிக் சேர்க்கையைப் பற்றி அவரிடம் சொல்லும் அளவுக்கு வர ஓராண்டு ஆயிற்று. மாதந்தோறும் பிறந்தநாள் கேக் வெட்டுவதையும், ஆண்டுக்கொருமுறை நட்சத்திர ஓட்டலில் விருந்து கொடுப்பதையும் நாங்கள் கைவிட்டதற்குக் காரணம் இதுதான்; தினசரிப் பழக்கம் செய்யும் வேலையை எப்போதோ வரும் ஒருநாள் விருந்து செய்யாது.

2020-இல் ஊரடங்கு தளர்ந்து ஆலை திறந்தபோது மேசையின் ஒரு பக்கம் மட்டும் நாற்காலி, நடுவில் அட்டைத் தடுப்பு, பேசக் கூடாது என்ற அறிவிப்பு என்று எல்லாம் தலைகீழாயின. அது தேவையான கட்டுப்பாடுதான். ஆனால் தடுப்புகளை எடுத்த பிறகும் பலர் கைப்பேசியைத் தட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு தனியாகவே சாப்பிட்டனர். அந்த இடைக்காலத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கு வேறு பழக்கமே தெரியவில்லை. கைப்பேசிக்குத் தடை போடலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. கூட்டுப் பாத்திரங்களை மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்தோம். மெல்ல மெல்லப் பேச்சும் திரும்பியது, முழுவதும் அன்று, பெரும்பகுதி.

2015-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்து சாப்பிடும் தீயணைப்புக் குழுக்கள் பணியிலும் ஒத்திசைந்து சிறப்பாகச் செயல்படுகின்றன என்று ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதைக் காட்டி ஆலைகளில் கேன்டீன் திட்டம் விற்கப்படுவதைப் பார்க்கிறேன். அந்த வீரர்கள் பெரும்பாலும் தாங்களே காசு போட்டு, தாங்களே சமைத்துச் சாப்பிடுபவர்கள். நிர்வாகம் போடும் சோற்றை அதோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஒரு தீபாவளிக்கு எங்கள் ஆலையில் போனஸ் பேச்சு இழுபறியானபோது, அதே வாரத்தில் கேன்டீனில் பாயசம் போடப்பட்டது. "பாயசம் ஊத்துனா போனஸ மறந்துருவோம்னு நெனச்சீங்களாங்க?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அன்று பாதிப் பாயசம் தொட்டிக்குத்தான் போனது. ஊதியமும் போனஸும் உரிய நேரத்தில் வராத இடத்தில், நல்ல சாப்பாடே அவமதிப்பாகத் தோன்றும்.

பழைய தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே உணவகம் என்றும், ஐம்பது பேருக்கு மேல் இருக்கும் தொழிற்சாலையில் சாப்பிடும் அறை என்றும் வரம்பை இறக்கியிருக்கிறது. இதுவரை கேன்டீனே இல்லாத எத்தனையோ சிறு ஆலைகள் இனி இதைப் பற்றி யோசித்தாக வேண்டும். அவர்களுக்கு என் யோசனை, முதல் ஆண்டில் சமையலறைக்குப் பெருஞ்செலவு செய்யாமல், உணவுப் பாதுகாப்பு உரிமம் உள்ள ஒரு சமையல்காரரிடமிருந்து சாப்பாட்டை வரவழைத்துக்கொண்டு, காற்றோட்டமான அறைக்கும், நீண்ட மேசைகளுக்கும், போதுமான கைகழுவும் குழாய்களுக்கும், கால் மணி கூடுதல் நேரத்துக்கும் பணத்தைச் செலவழிக்கலாம் என்பதே. எங்கள் ஆலையில் இன்னும் தீராமல் இருப்பது இரவு ஷிப்ட். ஆள் குறைவு என்பதால் மாலையில் சமைத்ததைச் சூடுபடுத்தித்தான் கொடுக்கிறோம். அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்துக்கே போய்விடுகிறார்கள். இரவில் ஒரு சமையல்காரரை நிறுத்தி, நள்ளிரவில் சுடச்சுட உப்புமாவோ தோசையோ போடுவது என்ற கோரிக்கை, வரும் கேன்டீன் குழுக் கூட்டத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது.