பெரியம்மாவின் பயாப்ஸி பிளாக்: திருச்சி அனுபவம்

இந்தத் தடவை சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் போனதே பெரியம்மாவுக்காகத்தான். பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. விறகடுப்புப் புகையில்தான் பாதி ஆயுள் கழிந்தது. இருமல் என்று போன இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டி.பி. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகும் மாத்திரை ஓடியிருக்கிறது. நம் ஊரில் நுரையீரல் புற்றுநோய் தாமதமாகத் தெரிய வருவதற்கு இது ரொம்பப் பழைய காரணம்.

அதற்கப்புறம் மாறிய மருத்துவமனையில் பயாப்ஸி எடுத்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. சி.டி. பார்த்தபடியே முதுகுப் பக்கம் ஊசி விட்டு, சேமியாத் துண்டு மாதிரி இரண்டு மூன்று இழைகளை எடுத்து ஃபார்மலின் டப்பாவில் போட்டார்கள். பிறகு அதை மெழுகில் பதித்து வைப்பார்கள், அதுதான் பிளாக். நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த நீரையும் எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பி செல்லில் தொடங்கும் வகைப் புற்று. டி.டி.எஃப்-1 பாசிட்டிவ், பி40 நெகட்டிவ். எந்த வகைப் புற்று என்று காட்டும் சாயச் சோதனைகள் இவை, இரண்டே ஸ்டெயின். ஏன் இன்னும் நாலைந்து போடவில்லை என்று பெத்தாலஜி டாக்டரிடம் கேட்டேன். “ஒவ்வொரு ஸ்டெயினுக்கும் பிளாக்லேர்ந்து ஒரு சீவல் போயிடும் சார். மிச்சம் ஜீன் டெஸ்ட்டுக்கு வேணுமே” என்றார்.

அந்த ஜீன் டெஸ்ட்டில்தான் சிக்கல். வெளியூர் லேப் ஒன்றுக்குப் போன பிளாக்குக்கு, ஈஜிஎஃப்ஆர் மாற்றம் கண்டறியப்படவில்லை என்று வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்தது. புற்றை வளரவிடும் ஜீன் கோளாறு அது, இருந்தால் அதற்கென்றே மாத்திரை உண்டு. சரி, கீமோவை ஆரம்பித்துவிடலாம் என்று வீட்டில் எல்லாரும் தயாராகிவிட்டார்கள். கேன்சர் டாக்டர் மட்டும் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார்: கட்டி செல் அளவு 10 சதவீதத்துக்கும் கீழ். இந்தியாவில் அடினோகார்சினோமா வந்தவர்களில் நாலில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர் வரை இந்த மாற்றம் இருக்கும், புகைபிடிக்காத பெண்களிடம் இன்னும் கூடுதல் என்றார். பெத்தாலஜியில் கேட்காமல் கீமோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கேட்கப் போனபோது, இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் என்னை உட்கார வைத்தார் அந்த டாக்டர். ரோஸ் நிறத்தில் தழும்பு, நடுவில் நீலப் புள்ளிகளாக அழற்சி செல்கள். ஒரு மூலையில் மட்டும் கோணல்மாணலான சுரப்பி வளையங்கள், புற்றுநோய் அவ்வளவுதான். “இதைச் சுரண்டி டி.என்.ஏ. எடுத்தா பெரும்பாலும் உங்க பெரியம்மாவோட நல்ல செல்லுதான் வரும். கெட்டது அதுல முங்கிடும்” என்றார். மாற்றமே இல்லை என்பதும், இந்தத் துண்டில் சிக்கவில்லை என்பதும் ரிப்போர்ட்டில் ஒரே வரியாகத்தான் வருகிறது. கண்ணாடித் தகட்டைப் பார்த்தவரும் ஜீனைப் பார்த்தவரும் இரண்டு ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு போன்கூடப் பேசிக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

நல்லவேளை, நெஞ்சு நீரில் இருந்த செல்களைத் திரட்டித் தனியாக ஒரு பிளாக் செய்து வைத்திருந்தார்கள். அதில் புற்றுச் செல் அடர்த்தியாக இருந்தது. டாக்டர் ஸ்லைடில் பேனாவால் வட்டம் போட்டு, இந்த இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று கடிதமும் எழுதினார். இந்த முறை ஈஜிஎஃப்ஆர் ஜீனில் எக்ஸான் 19 என்ற பகுதியில் ஒரு துண்டு விடுபட்டிருப்பது தெரிந்தது, அதாவது தேடிய மாற்றம் இருந்தது. கீமோ தள்ளிப்போய், தினம் ஒரு மாத்திரை.

பிளாக்கை வாங்குவது தனிக் கூத்து. விண்ணப்பம், ஆதார் நகல், கையெழுத்து, “மேடம் சாப்பிடப் போயிருக்காங்க”, மறுபடி கையெழுத்து. கடைசியில் கைக்கு வந்தது தீப்பெட்டியை விடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதில் மெழுகு. சித்திரை வெயிலில் மெழுகு இளகிவிடும், ஐஸ் பேக் வையுங்கள் என்று கவுண்டர் பையன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கூரியர்க்காரர் வாய் திறக்கவில்லை.

ஊரில் யாருக்காவது இந்தச் சோதனை நடந்தால், முடிவோடு கட்டி செல் சதவீதத்தையும் படியுங்கள். பிளாக்கில் மிச்சம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாத்திரை ஒரு கட்டத்தில் கேட்காமல் போகலாம், அப்போது மறுபடி ஊசி விட்டுத் துண்டெடுக்க வேண்டியிருக்கும் என்று இப்போதே சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு அதே புற்று சிறுசெல் என்ற வேறொரு வகையாக உருமாறிவிடுமாம். ரத்தத்தில் ஜீன் பார்த்தால் மட்டும் அது பிடிபடாது, துண்டெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பிளாக் கையில் இருப்பது நல்லது. முதல் பிளாக் லேப்பிலிருந்து இன்னும் திரும்பி வரவில்லை. இங்கிருந்து போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.