வெள்ளை எழுத்தை உள்பக்கம் போடச் சொன்னால் கொஞ்சம் உஷார்

ஏடி டயர் (ஆல் டெரெய்ன், ரோட்டுக்கும் காடுமேட்டுக்கும் பொதுவான டயர்) மாற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுசு என்று நான்கு டயர் வாங்கினேன். அதில் இரண்டு, ஐந்து வயசுக் கிழடு. அது எனக்குத் தெரியவர ஏழு வாரமும் ஒரு பஞ்சரும் ஆயிற்று.

வண்டியோடு வந்தது 245/70ஆர்16 (அகலம் 245 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம்), சாதாரண ரோட்டு டயர். ஈரக் களிமண்ணில் இறங்கினால் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டிகள்) இடுக்கெல்லாம் மண் அப்பிக்கொண்டு மொட்டை டயர் மாதிரி வழுக்கும். ஏடிக்கு மாறலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "265/70 போடுங்க சார், கச்சிதமா உக்காரும்" என்றார். பெரிய டயர் போட்டால் வண்டி கம்பீரமாக நிற்கும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அந்தப் பழியை முழுக்க அவர் தலையில் கட்ட மாட்டேன்.

பல ஏடி டயர்களில் ஒரு பக்கம் பிராண்ட் பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கும், மறுபக்கம் வெறும் கறுப்பு. ரிம்மில் ஏற்றும் முன் ஒன்று கேட்டார். "வெள்ளை எழுத்து வெளியே வரணுமா, உள்ளே போகட்டுமா? வெளியே வெச்சா சேறு பட்டு சீக்கிரம் பழுப்பேறிடும். இப்ப எல்லாரும் கறுப்புப் பக்கம்தான் கேக்குறாங்க." நியாயமாகத்தான் பட்டது. சரி என்றேன். கோட்டை விட்டது அங்கேதான்.

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று ஆரம்பித்து ஒரு எழுத்து வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம்தான் டயர் பிறந்த தேதி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1423 என்றால் 2023-ன் 14-வது வாரம். (2000-க்கு முந்தைய டயர்களில் மூன்றே இலக்கம் இருக்கும். அப்படி ஒன்றை எவராவது நீட்டினால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.) பல டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். மறுபக்கத்தில் டிஓடி வரிசை பாதியோடு நின்றுவிடும். முழு வரிசை இருப்பது வெளியே தெரிய வேண்டிய பக்கம், அதாவது பெரும்பாலும் வெள்ளை எழுத்துப் பக்கம். அதை உள்ளே தள்ளிவிட்டால் தேதியும் உள்ளே போய்விடும். வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்துப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

நானும் படுக்கவில்லை. பளபளவென்று பாலிஷ் அடித்து வைத்திருந்த பட்டனைத் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டினேன்.

ஏழாவது வாரம், காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கி ஒரு கல் ஓடையில் ஏறிக்கொண்டிருந்தபோது பின் இடது டயரின் பக்கவாட்டு கிழிந்தது. அது கல்லின் தப்பா, டயரின் தப்பா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஜாக்கி வைப்பதற்கு முன் நட்டைத் தளர்த்தலாம் என்று பானாவை மாட்டினால் ஒன்றுகூட அசையவில்லை. மேலே ஏறி நின்று குதித்தேன். ஆறு நட்டில் நான்கு கிறீச்சிட்டுக்கொண்டு கழன்றன, மற்ற இரண்டுக்கு நண்பரின் வண்டியில் இருந்த நீளக் குழாயைப் பானாவில் சொருக வேண்டிவந்தது. கடையில் காற்றுத் துப்பாக்கியை வைத்து 'டர்ர்ர்' என்று இறுக்கியதோடு சரி, டார்க் ரெஞ்சை (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பானர்) யாரும் தொடவில்லை. இதுபோன்ற வண்டிகளில் பலவற்றுக்கு 100 முதல் 150 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கினால் போதும், சரியான அளவு கையேட்டிலேயே இருக்கும். துப்பாக்கி அதையெல்லாம் கேட்காது. போல்ட் மரை இழுபட்டுப் போனதைப் பிறகுதான் கவனித்தேன்.

கழற்றிய சக்கரத்தை, ஜாக்கி சறுக்கினால் தாங்கட்டும் என்று வண்டிக்கு அடியில் படுக்கப்போட்டேன். உள்பக்கம் மேலே வந்தது. வெள்ளை எழுத்து, அதன் கீழே ஒரு நீள்வட்டக் கட்டம், கட்டத்துக்குள் 3818. 2018, செப்டம்பர். நான் வாங்கியது 2023 கடைசியில். பட்டன் இடுக்கின் அடியைப் பார்த்தால் முடிபோல மெல்லிய வெடிப்புகள். பாலிஷ் போன பிறகு அவை கண்ணுக்குத் தெரிந்தன. மற்ற மூன்றையும் அங்கேயே மண்ணில் படுத்துப் பார்த்தேன். இரண்டு 1423, இன்னொன்றும் 3818. கிழடு இரண்டையும் பின்னால் போட்டு, புதுசை முன்னால் போட்டிருக்கிறார்கள். வாங்குகிறவன் கண் முன் சக்கரத்துக்குத்தான் போகும் என்று தெரிந்தவர்கள்.

பயன்படுத்தாமல் அடுக்கி வைத்த டயரும் கிழடாகும், ரப்பர் சும்மா இருந்தாலும் இறுகும். சில வாகன நிறுவனங்கள் 6 வருஷத்தில் மாற்றச் சொல்கின்றன. மிஷலின், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் தயாரித்த நாளிலிருந்து 10 வருஷத்துக்கு மேல் ஓட்டாதே என்கிறது. நான் பாதி ஆயுளை முழு விலைக்கு வாங்கியிருக்கிறேன்.

கதை இன்னும் முடியவில்லை. ஸ்டெப்னி பழைய 245/70. "அது சும்மா தொங்கத்தானே சார் போகுது" என்று சொல்லி நான்கை மட்டும் விற்றிருந்தார். கணக்குப் பாருங்கள்: 245/70ஆர்16-ன் விட்டம் சுமார் 749 மி.மீ., 265/70ஆர்16-ன் விட்டம் சுமார் 777 மி.மீ. ஒரு கிலோமீட்டருக்குச் சின்னது சுமார் 425 சுற்றுச் சுற்றும், பெரியது 409 சுற்றுத்தான். இந்த வித்தியாசத்தோடு பகுதிநேர நாலு சக்கர இயக்கத்தை (தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களையும் பின்னோடு பூட்டி ஓட்டும் ஏற்பாடு) கெட்டியான தரையில் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் (இஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கித் தப்பித்துக்கொள்ளும், பாறையில் தப்பிக்க வழியில்லை. ரெண்டு சக்கர இயக்கத்திலேயே, நண்பர் முன்னால் கயிறு கட்டி இழுக்க, ஊர்ந்து வெளியே வந்தேன். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது புது டயரில் நிஜ வேகம் கிட்டத்தட்ட 104 என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"கச்சிதமா உக்காரும்" என்ற பேச்சும் பொய். கடையின் சமதரையில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துக் காட்டினார்கள், எங்கும் உரசவில்லை. ஒரு முன் சக்கரம் மேட்டில் ஏறி ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் ஒடித்தால்தான் உண்மை தெரியும். என் வண்டியில் மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கை அது தின்றே விட்டது.

கடைக்குத் திரும்பிப் போனேன். பில்லை எடுத்து நீட்டினேன். அதில் பிராண்டும் சைஸும் மட்டும்தான். "3818 நாங்க குடுத்ததுதான்னு எப்படி சார் சொல்றீங்க?" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். என்னிடம் பதில் இல்லை.

வேறு கடையில் மூன்று டயர் வாங்கினேன், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. ரிம்மில் ஏற்றும் முன்பே மூன்றின் நான்கு இலக்கத்தையும் படித்துப் பில்லில் எழுதச் சொன்னேன். நட்டை முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். 80 கிலோமீட்டர் ஓடியதும் நானே ஒருமுறை சரிபார்த்தேன். அங்கேயும் பையன் கேட்டான், "வெள்ளை எழுத்து உள்ளேயா வெளியேயா, அண்ணே?"

வெளியே என்றேன். பழுப்பேறினால் ஏறட்டும்.