மௌன ஏலத்துக்கு விதி வகுத்துத் தரும் சேவை: மாதுங்காவிலிருந்து ஒரு மதிப்புரை

எங்கள் பிள்ளைகள் படிக்கும் மும்பை மாதுங்கா பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தைப் புதுப்பிக்க நிதி தேவைப்பட்டதால், பெற்றோர் குழுவின் சார்பில் ஆண்டு விழாவோடு சேர்த்து ஒரு மௌன ஏலம் நடத்தினோம். இதில் ஏலம் கூவுபவர் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு தாள் இருக்கும். விருப்பமுள்ளவர்கள் முந்தைய தொகைக்கு மேலே தம் தொகையை எழுதிவிட்டுப் போகலாம். நேரம் முடியும்போது கடைசியாக நிற்கும் தொகைக்குப் பொருள் போய்ச் சேரும். இதை நடத்தித் தர, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இயங்கும் சிறிய நிகழ்ச்சி ஏற்பாட்டுக் குழு ஒன்றை அமர்த்தினோம். மேசை, விளக்கு, பதிவு, வசூல் என அனைத்தும் அவர்கள் பொறுப்பாக இருந்தாலும், கொடுத்த கட்டணத்துக்கு உண்மையான மதிப்பு அவர்கள் முன்கூட்டியே எழுதித் தந்த விதித்தாளில்தான் இருந்தது என்பது என் கருத்து. ஆகவே அந்த விதிகளைப் பற்றியே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதல் விதி, தாளில் யாரும் பெயர் எழுதக்கூடாது என்பது. வாசலில் பதிவு செய்துகொள்ளும்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் தரப்படுகிறது. தாளில் அந்த எண்ணும் தொகையும் மட்டுமே இடம்பெறும். மாதுங்கா போன்ற இடத்தில் இது எவ்வளவு முக்கியம் என்பதை இங்கே வாழ்பவர்கள் அறிவார்கள். கோயிலிலும் கச்சேரியிலும் காய்கறிக் கடையிலும் தினமும் சந்தித்துக்கொள்ளும் மனிதர்கள் நாம். மாடி வீட்டு மாமா பட்டுப்புடவைக்கு ஒரு தொகை எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால், அதற்கு மேலே எழுத நம் பெண்களில் பலருக்குக் கை வராது. எண் மட்டும் இருந்ததால் அந்தத் தயக்கம் எழவே இல்லை. பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு எண் கிடையாது என்பதும் இதே விதியில் அடங்கியது. இளையோர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவை வைத்துச் சொல்லப்படுவதால், ஆர்வமிகுதியில் மாணவர்கள் எழுதும் தொகையை யாரிடமும் வசூலிக்க முடியாது.

விலை பற்றிய விதிகளும் யோசித்து எழுதப்பட்டவை. கடை விலையில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தில் தொடக்க விலையை வைத்து, ஒவ்வொரு முறையும் குறைந்தபட்சம் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதைத் தாளிலேயே அச்சிட்டுவிடுகிறார்கள். 5,000 ரூபாய் மதிப்புள்ள பொருள் 2,000 ரூபாயில் தொடங்கி 250 ரூபாயாக ஏறும். தொடக்க விலை அதிகமாக இருந்தால் வெற்றுத் தாளில் முதலில் எழுத யாரும் முன்வர மாட்டார்கள். உயர்வுத் தொகை மிகக் குறைவாக இருந்தால் பத்து பத்து ரூபாயாக எழுதித் தாளை நிரப்பிவிட்டு, கடைசியில் அடிமாட்டு விலைக்கே பொருள் போய்விடும். இரண்டையும் தவிர்க்கும் அளவு இது என்று தாராளமாகச் சொல்லலாம்.

நன்கொடையாக வரும் பொருள்களை விவரிப்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்பு எங்கள் குழுவில் சிலருக்கு எரிச்சலூட்டியது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. 'பாட்டு வகுப்பு' என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்கிக்கொள்ளவில்லை. எத்தனை வகுப்பு, யார் வீட்டில், எந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டும், ஆசிரியருக்கு உடல்நலமில்லாவிட்டால் என்ன ஏற்பாடு என்பதெல்லாம் தாளில் வர வேண்டும். உணவகச் சீட்டு என்றால் ஞாயிற்றுக்கிழமை செல்லுமா, எத்தனை பேருக்கு, கடைசித் தேதி எது என்பவை வேண்டும். பழைய தஞ்சாவூர் ஓவியம் ஒன்றைத் தர ஒரு குடும்பம் முன்வந்தபோது, அது நூறாண்டைக் கடந்ததாக இருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்துக்குள் வரலாம் என்று சொல்லி, அதன் வயது தெளிவாகும் வரை பட்டியலில் சேர்க்க மறுத்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு வருத்தம்தான். ஆனாலும் பள்ளியின் பெயரில் நடக்கும் விற்பனைக்கு இந்தக் கவனம் தேவை. அவ்வாறே, சேர்க்கையில் முன்னுரிமை போன்ற எதையும் ஏலத்தில் வைக்கக்கூடாது என்று திட்டவட்டமாக எழுதியிருந்தார்கள். கட்டாய நன்கொடையைத் தடைசெய்யும் மகாராஷ்டிரச் சட்டம் 1987 முதல் இருந்துவரும்போது, இதை எழுதவும் வேண்டுமா என்று கேட்கலாம். எழுதத்தான் வேண்டும், நிதி திரட்டும் உற்சாகத்தில் இப்படிப்பட்ட யோசனைகள் நல்ல மனிதர்களிடமிருந்தே வருகின்றன.

குறை சொல்ல வேண்டிய இடம் முடிவு நேரம். எல்லா மேசைகளும் இரவு எட்டு மணிக்கு ஒரே சமயத்தில் மூடப்படும் என்று விதி சொன்னது. விளைவாக, கடைசிச் சில நிமிடங்களில் வெள்ளி விளக்கு, கொலு பொம்மைகள், காஞ்சிபுரம் புடவை இருந்த மேசையில் நெரிசல் ஏற்பட்டது. ஒருவர் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு தாளை மறைத்து நின்றார். மேசைக்கு மேசை பதினைந்து நிமிட இடைவெளி விட்டு மூடி, அதிகம் விரும்பப்படும் பொருள்களைக் கடைசி மேசைக்குத் தள்ளியிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். கூட்டமும் அரங்கம் முழுவதும் பரவியிருக்கும். தன்னார்வலர் சிவப்பு மையால் கோடு போட்ட பிறகு எழுதியது செல்லாது என்ற ஏற்பாடு மட்டும் தகராறு வராமல் காத்தது.

இதோடு தொடர்புடைய இன்னொரு விதியும் திருத்தப்பட வேண்டும். 'எழுதிய தொகையைத் திரும்பப் பெற முடியாது' என்று விதித்தாளில் இருந்தது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவோ, விற்பனை முடிந்ததாக அறிவிக்கப்படும் வரை ஏலம் கேட்டவர் பின்வாங்கலாம் என்கிறது. ஆகவே சிவப்புக் கோட்டுக்கு முன் தன்னார்வலரின் முன்னிலையில் எழுதிய தொகையை அடித்துவிடலாம் என்றும், அப்போது முந்தைய தொகை மீண்டும் செல்லுபடியாகுமா என்பதையும் விதியே சொல்லிவிடுவது நல்லது.

அதே பிரிவைச் சரியாகப் பயன்படுத்திய விதி ஒன்றும் உண்டு. பொருளைத் தந்தவரும் அவர் வீட்டாரும் அந்தப் பொருளுக்கு எழுதக்கூடாது. ஏலக் குழுவில் இருப்பவர்கள் எந்தப் பொருளுக்குமே எழுதக்கூடாது. நல்ல காரியம்தானே, விலையைச் சற்று ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விற்பவர் சார்பில் கேட்கும் உரிமையை முன்பே அறிவிக்காமல் அப்படிக் கேட்பது சட்டப்படி தவறு. விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாகக் கேட்டால், வாங்கியவர் அந்த விற்பனையையே ஏற்க மறுக்கலாம். பள்ளிக்கு அத்தகைய பணம் வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பணம் பெறும் மேசை ஒன்றுதான் இருந்தது. வரிசை வாசல் வரை நீண்டது. யுபிஐ மூலம் செலுத்தியவர்களும் ரசீதுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிச்சலுகை பற்றிய கேள்விக்கு மேசையில் இருந்த இளைஞரிடம் தெளிவான பதில் இல்லை. ஏலத்தில் கொடுப்பது பொருளுக்கான விலை என்பதாலும், பொருளாகத் தரும் நன்கொடைக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்பதாலும், இதை விதித்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

கட்டணத்தை வசூலில் சதவீதமாகக் கேட்காமல் நிலையான தொகையாக வாங்கிக்கொண்டார்கள். அதனால் ஒவ்வொரு ரூபாய் உயர்வும் ஆய்வகத்துக்கே சென்றது. இந்த ஒரு காரணத்துக்காகவே அவர்களை மற்ற பள்ளிகளுக்குப் பரிந்துரைப்பேன். அமர்த்த நினைப்பவர்கள் இரண்டாவது வசூல் மேசையையும் மேசைவாரியான முடிவு நேரத்தையும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். விதித்தாள் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் மட்டுமே வருகிறது. பேரக்குழந்தைகளோடு வரும் தாத்தா பாட்டிகள் தாமே படித்து எழுத வேண்டுமானால், தமிழ்ப் படியைப் பெற்றோர் குழு முன்னதாகவே தயாரித்து ஒவ்வொரு மேசையிலும் வைக்க வேண்டியிருக்கும்.