செயின்சா கேஸ் பிரிக்கும் புல்லர்: நான்கு வருடம் வைத்திருந்தபின்

பேராவூரணியிலிருந்து மச்சான் போன வாரம் போன் செய்தான். அவனுடைய செயின்சாவில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பேரிங் கத்துகிறதாம். அதை மாற்ற, கிராங்க்கை மூடியிருக்கும் கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்கான கருவிதான் புல்லர். "கேஸ் பிரிக்கிற புல்லர் ஆன்லைன்ல 800 ரூபாய்க்கு இறங்கிடுச்சு மாப்ள, வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். அதே சாமானை நான் 2021இல் 1,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அவன் கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலையில்தான் ஒரு கேஸில் இருந்த 5 எம்.எம். மரையை அந்தப் புல்லர் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. போனில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் படுத்துக் கிடந்தது. வீட்டை விட்டு வெளியே வரவே மரத்தை அறுக்க வேண்டியிருந்தது. அப்போது ஆளாளுக்கு வாங்கியவைதான் இந்த 58 சிசி சீன மிஷின்கள். அவற்றுக்கு இப்போது வயசாகிவிட்டது. ஆயில் சேர்க்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியது, தென்னந்தூள் அடைத்த பில்டரோடு ஓட்டியது எல்லாம் சேர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். முதலில் என்னுடையதைப் பிரித்தேன். பிறகு தெரிந்தவர்கள் கொண்டுவர ஆரம்பித்தார்கள். இதுவரை பத்தொன்பது கேஸ் பிரித்திருக்கிறேன்.

ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180, 250 மாடல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சிலிண்டருக்கு அடியில் இருக்கும் தட்டில் நாலு போல்ட் கழற்றினால் கிராங்க் கையோடு வந்துவிடும். தேங்காயை உடைத்த மாதிரி நெட்டுக்குத்தாக இரண்டு பாதியாகப் பிரியும் கேஸ்களுக்குத்தான் புல்லர்.

புல்லருக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செயின்சா கிராங்க் ஒரே துண்டு இரும்பு இல்லை. இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஒரு பின்னை அழுத்தி ஏற்றிச் செய்தது. அதன் நுனியில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் கேஸ் பிரியத்தான் பிரியும். ஆனால் உள்ளே அந்தத் தட்டு பின்னின் மேல் மயிரிழை திரும்பிவிடும், அல்லது உள்வாங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் பூட்டி ஸ்டார்ட் செய்தபிறகுதான் கைப்பிடி நடுங்கும். புது ஆயில் சீல் சீக்கிரமே ஒழுகும். பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவரின் மிஷின் அப்படித்தான் ஒரு பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. கிராங்க்கை இரண்டு வி பிளாக் (வி வடிவத் தாங்கி) மேல் வைத்து, மயிரிழைக் கோணலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜில் சுற்றிப் பார்த்தபோது முள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அவர் முகமே மாறிவிட்டது. இரண்டு பாதிக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் இன்னொரு கேடு. பேக்கிங் உட்காரும் முகத்தில் ஒரு கீறல் போதும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் அந்தக் கேஸ் வழியாகத்தான் போகின்றன. கீறல் வழியே வெளிக்காற்றை இழுத்தால் கலவை மெலிந்துபோய் பிஸ்டன் ஜாம் ஆகும்.

புல்லர் இந்த இரண்டு கேட்டையும் செய்யாது. கால்கள் கேஸைப் பிடித்துக்கொள்ள, நடு ஸ்க்ரூ கிராங்க் நுனியை நேராகத் தள்ளும். இந்தப் பத்தொன்பதில் ஒரு கிராங்க்கூட இந்தப் புல்லரால் வளைந்ததில்லை.

சரி, இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன். இது பைக் எஞ்சினுக்காகச் செய்த சாமான். பெட்டியில் 6 எம்.எம்., 8 எம்.எம். கால் போல்ட்டுகள்தான் வரும். நம் மிஷினில் மேக்னட் (ஸ்டார்டர் பக்கத்துக் காந்தச் சக்கரம்) பக்கத்துப் பாதியில் மாட்டுவதற்கு இருப்பவை ஸ்டார்டர் கவர் ஓட்டைகள். அவை 5 எம்.எம். அந்த ஒரு எம்.எம். வித்தியாசம் நான்கு வருடமாக என் உயிரை எடுக்கிறது. விற்பவர் பக்கத்திலோ செயின்சாவுக்கும் பொருந்தும் என்று படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். ஒரு பாக்கெட் 5 எம்.எம். போல்ட் சேர்த்துப் போட என்ன செலவாகிவிடும்?

கடையில் 5 எம்.எம். முழு மரைக் கம்பி வாங்கி அளவாக அறுத்து நான்தான் கால் செய்துகொண்டேன். புல்லரில் கால் நுழையும் பள்ளம் 8 எம்.எம். போல்ட்டுக்கானது என்பதால் மெல்லிய கம்பி அதில் இங்கும் அங்கும் ஓடும். கால் ஓடினால் நடு ஸ்க்ரூ கிராங்க் மையத்தை விட்டு விலகும். கேஸ் ஒரு பக்கம் திறந்து, மறு பக்கம், இரண்டு பாதியையும் நேராக நிறுத்தும் டவல் பின்னில் கவ்விக்கொள்ளும். இதற்காகவே தடித்த வாஷர் நாலு கடைந்து வைத்திருக்கிறேன். அப்படியும் நடு ஸ்க்ரூவின் ஒவ்வொரு கால்வாசிச் சுற்றுக்கும் நிறுத்தி, முன்னும் பின்னும் இடைவெளியை வெர்னியரில் பார்க்கிறேன். இறுகிய பக்கத்தை நைலான் சுத்தியால் இரண்டு தட்டு தட்டி, மறுபடி கால்வாசிச் சுற்று. போன வாரம் மூன்று கால்களில் ஒன்று முழு ஆழத்துக்கு இறங்கவில்லை. அடியில் காய்ந்த மண் இருந்தது. நாலைந்து மரையில் மட்டும் நின்ற கால், மென்மையான கேஸ் உலோகத்தைச் சுருள் சுருளாக உரித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்தேன். அடுத்தவர் மிஷின் என்பதால் அந்தச் செலவு என்னுடையது.

நடு ஸ்க்ரூவின் முனையும் இப்படித்தான். கிராங்க் நுனியில் சிறு குழி இருக்கும். கூரான முனை இருந்தால் அதில் போய் உட்காரும். இதில் வருவது தட்டை முனை. நேரடியாக வைத்து முறுக்கினால் நுனி விரிந்து, மேக்னட் நட்டு ஏறும் மரை கெட்டுவிடும். நட்டை நுனி மட்டத்துக்கு ஏற்றிவைத்து, மேலே ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்துத்தான் நான் தள்ளுகிறேன். அந்த வில்லையை லேத் பட்டறையில் 60 ரூபாய்க்குக் கடைந்து கொடுத்தார்கள். இந்தப் பெட்டியில் இருக்கும் எந்தப் பாகத்தையும்விட அதுதான் ஒழுங்காக இருக்கிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஹீட் கன்னில் கிடைத்தது. பி.வி.சி. குழாய் வளைக்க வாங்கிப் போட்டிருந்த சாதாரண ஹீட் கன். ஏழாவதோ எட்டாவதோ கேஸில் புல்லர் அசையவே இல்லை. ஸ்க்ரூவை இறுக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு, பேரிங் குழியைச் சுற்றி வெளிப்பக்கமாகச் சூடு காட்டினேன். ஐந்து நிமிடம் இருக்கும். தொட்டுத் தெளித்த தண்ணீர்ச் சொட்டு கேஸ் மேல் துள்ளியது. நான் ஸ்பேனரைக் கையில்கூட எடுக்கவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். இரண்டு பாதிக்கும் நடுவே நூல் அளவு வெளிச்சம் தெரிந்தது. பழைய பேக்கிங் மெதுவாக உரியும் ஓசையும் கேட்டது. அந்த நிமிடத்தை இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிறது.

காரணம் எளிது. கேஸ் மக்னீசியக் கலவையோ அலுமினியக் கலவையோ, சூட்டில் இரும்பைவிட இரண்டு மடங்கு அளவுக்கு விரியும். இந்த மிஷின்களில் வரும் 6202 அளவுப் பேரிங்கின் வெளிவிட்டம் 35 எம்.எம். கேஸ் 90 டிகிரி கூடுதலாகச் சூடானால் அந்தக் குழி 0.07 எம்.எம்.க்கு மேல் விரியும். பேரிங்கும் கொஞ்சம் விரியத்தான் செய்யும், ஆனாலும் பிடி தளர்ந்துவிடும். அதற்கப்புறம் மேக்னட் பாதிக்கு மட்டும்தான் புல்லர் போடுகிறேன். கிளட்ச் பாதியில் அதற்கு வேலையே இல்லை. அங்கே மாட்ட வாகாக இருப்பவை செயின் ஓடும் பாரைப் பிடிக்கும் இரண்டு ஸ்டட். அவை கிராங்க்குக்கு ஒரே பக்கத்தில் இருப்பதால் இழுவை கோணலாகத்தான் வரும். சூடு காட்டிக் கவிழ்த்துப் பிடித்தால் கிராங்க் தன் எடையிலேயே கைக்கு இறங்கும். கீழே ஒரு துணியை மடித்து வைத்தால் போதும்.

திரும்பப் பூட்டும்போதும் இதே வழிதான். புதுப் பேரிங்கை கவரில் சுற்றி ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்து, காலையில் சூடான கேஸில் போட்டால் 'தட்' என்று அடிவரை போய் உட்காரும். ஆயில் சீலை மட்டும் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும், சூட்டில் கெட்டுவிடும். எரிவாயு டார்ச் பக்கமே போகக் கூடாது. டேங்கில் பெட்ரோல் வாடை இருக்கும். மக்னீசியத் தூள் எங்காவது ஒட்டியிருந்து பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது.

ஆக மச்சான், இந்தப் புல்லர் பத்தொன்பது கிராங்க்கைக் காப்பாற்றியிருக்கிறது. 800 ரூபாய்க்கு அதன் இரும்பே பெறும். ஆனாலும் வாங்காதே. பைக்குக்குச் செய்ததைச் செயின்சாவுக்கு என்று விற்பவனுக்கு நீ காசு கொடுப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு நல்ல ஹீட் கன்னும் நைலான் சுத்தியும் வாங்கு. ஒரு கேஸுக்காகப் புல்லர் உனக்கு எதற்கு? ஞாயிற்றுக்கிழமை மிஷினை எடுத்துக்கொண்டு இங்கே வா, என்னுடையதிலேயே பிரித்துவிடலாம். பெட்ரோலை முந்தின நாளே வடித்து, மூடியைத் திறந்துவிட்டு டேங்கைக் காயவை. கிளட்ச்சை மட்டும் நீ தொடாதே. அது இடது மரை. வழக்கம்போல நினைத்துத் திருப்பினால் இன்னும் இறுகிக்கொள்ளும். பிளக் ஓட்டையில் கயிறு விட்டு பிஸ்டனை நிறுத்தி அதை நான் கழற்றிக்கொள்கிறேன்.