மூன்று விரல் நீளமான கை: டிரை சூட்டுடன் நான்கு கோடை

குளிர்ந்த தண்ணீரில் முக்குளிக்கும்போது உடம்பு நனையாமல் இருக்கப் போடும் உடைதான் டிரை சூட். போன கிழமை என்னுடையது திருத்தத்திலிருந்து திரும்பி வந்தது. அதே நாள் மாலை ஸ்காபரோவில் இருக்கும் நண்பர் அழைத்தார். "நீ வைத்திருக்கிற அதே சூட் விலையில் 400 டொலர் இறங்கியிருக்கு, வாங்கட்டா?" என்றார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டபோது ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூன்று அடுக்குத் துணி, மார்புக்குக் குறுக்கே ஜிப், கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் நுழையாமல் இறுக்கிப் பிடிக்கும் லேடெக்ஸ் (ரப்பர்) சீல். இது முக்குளிக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான்கு கோடையில் அறுபதுக்கு மேற்பட்ட தடவை இதைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறேன். அநேகமாக எல்லாமே ஹியூரன் ஏரிக்கரையில் இருக்கும் டொபர்மோரியில், அதிலும் பாதிக்கு மேல் மூழ்கிக் கிடக்கும் ஒரே கப்பலில்.

அந்தக் கப்பல் ஸ்வீப்ஸ்டேக்ஸ். 1867இல் ஒன்ராறியோவின் பர்லிங்டனில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல், 36 மீற்றர் நீளம். 1885 ஆகஸ்டில் கோவ் தீவுக்குப் பக்கத்தில் சேதமாகி, பிக் டப் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்டு, அடுத்த மாதம் அங்கேயே அமிழ்ந்தது. ஏற்றி வந்த நிலக்கரியைப் பிறகு எடுத்துவிட்டார்கள், கப்பல் மட்டும் கிடக்கிறது. ஹியூரன் ஏரி நன்னீர் என்பதால் மரத்தைத் துளைக்கும் கடற்புழு இங்கே இல்லை. குளிரும் சேர்ந்து காப்பாற்றுவதால் பலகைகள் இன்னும் பலகைகளாகவே இருக்கின்றன. முன்பக்கத்தில் நங்கூரச் சங்கிலியைச் சுற்றும் உருளை அப்படியே நிற்கிறது. அதை முதல் தடவை பார்த்தபோது, யாரோ இப்போதுதான் கையை எடுத்துவிட்டு எழுந்து போனதுபோல இருந்தது.

கப்பல் கிடக்கும் ஆழம் ஆறு மீற்றர்தான். சூட்டைப் பற்றிய என் கோபம் முழுவதும் இந்த ஆழத்திலிருந்துதான் வருகிறது. முப்பது மீற்றரில் காற்று தீர்வதும், அங்கே இருக்கக்கூடிய நேரத்தின் எல்லையும் உங்களை மேலே அனுப்பிவிடும். ஆறு மீற்றரில் ஒரு சிலிண்டர் ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் வரும். இங்கே முதலில் தீர்ந்துபோவது உடம்புச் சூடு. ஆகவே நான் காசு கொடுத்து வாங்கியது துணியை அல்ல, அந்தக் கப்பலுக்கு முன்னால் நிற்கும் நிமிடங்களை.

அந்த நிமிடங்களை வலது மணிக்கட்டு தின்றுகொண்டிருந்தது. கையை இறுக்கிப் பொத்திப் பாருங்கள். மணிக்கட்டின் உட்பக்கம் இரண்டு தசைநாண்கள் கயிறுபோல எழும்பும், நடுவில் ஒரு பள்ளம் விழும். சீல் அந்த இடத்தில் இருந்தால் பள்ளத்தின் வழியே தண்ணீர் உள்ளே போகும். நான் டோர்ச்சை வலது கையில் பிடிப்பவன். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு சொட்டு. பத்து நிமிடத்தில் உள்ளாடையின் கை நனையும், இருபது நிமிடத்தில் முழங்கை வரை ஏறிவிடும்.

போன வருடம் மே மாதம் தண்ணீர் 5 பாகை. நாலு மணி நேரம் கார் ஓட்டி, அங்குள்ள தேசிய நீர்ப் பூங்காவில் பதிந்து, படகுக்குக் காசு கட்டி இறங்கினோம். இருபத்திரண்டாவது நிமிடம் விரல்கள் விறைத்து, கொக்கியைக் கழற்ற முடியவில்லை. கூட வந்தவருக்குக் கைகாட்டிவிட்டு மேலே வந்தேன். சிலிண்டரில் 130 பார், அதாவது பாதிக்கு மேல் காற்று மிச்சம். அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், மெல்லிய மணிக்கட்டு உள்ளவர்களுக்கு எந்த சூட்டிலும் இது வரும். என் கோபம் சூட்டை விற்ற கடையோடு. மூன்று தடவை கொண்டுபோனேன். முதல் தடவை சீலை மாற்றினார்கள். இரண்டாம் தடவை பவுடர் போடச் சொன்னார்கள். மூன்றாம் தடவை, இறுக்கிப் பிடிக்காதீர்கள் என்றார்கள். சூட்டுக் கையின் நீளத்தை ஒருவரும் அளக்கவில்லை. இந்தக் குளிர்காலம் வேறு ஒரு திருத்துமிடத்தில் கொடுத்தேன். அங்கிருந்த அம்மா சூட்டைப் போடச் சொல்லி, என் கையை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "சூட்டின் கை மூன்று விரல் நீளம் கூட" என்றார். நீளமான கை சீலைக் கீழே தள்ளி, சரியாக அந்தப் பள்ளத்தில் உட்கார வைக்கிறது. வெட்டிக் குறைத்து, முன்கையில் சதை இருக்கும் இடத்தில் புது சீல் ஒட்டித் தந்தார். கழுத்து சீலும் சேர்த்து 380 டொலர்.

ஒரு விசயத்தில் மட்டும் இந்த சூட்டைக் குறை சொல்ல மாட்டேன்: இடது தோளுக்குக் கீழே இருக்கும் காற்று வெளியேற்றும் வால்வ். ஆழம் குறைந்த இடம் சுகம் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். ஆறு மீற்றரிலிருந்து மூன்றுக்கு ஏறினாலே சூட்டுக்குள் இருக்கும் காற்று கிட்டத்தட்ட கால் பங்கு பெருக்கும். ஆழத்தில் அதே மூன்று மீற்றருக்கு ஒன்றுமே தெரியாது. மேல்தட்டுக்கு மேலே மிதக்கும்போது இங்கே ஒரு மூச்சு கூடினாலும் மேலே இழுக்கும், குறைந்தால் பலகையில் விழுவோம். நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட மரத்தில் முழங்கால் படக்கூடாது. கப்பலுக்குள்ளே போகவும் கூடாது, நாம் விடும் குமிழிகள் தட்டுக்கு அடியில் தேங்கி மரத்தை நெம்பும். இந்த வால்வ் முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினாலே வேண்டிய அளவு மட்டும் விடுகிறது. நான்கு கோடையில் ஒரு தடவைகூட என்னைக் கைவிடவில்லை. அந்த உருளைக்கு ஒரு முழம் மேலே அசையாமல் நின்று பார்த்திருக்கிறேன் என்றால் அதனால்தான்.

பக்கத்திலேயே 1907இல் எரிந்து அமிழ்ந்த சிற்றி ஒவ் கிராண்ட் ராப்பிட்ஸ் நீராவிக் கப்பலும் கிடக்கிறது. அங்கே போய்விட்டுத் திரும்பவும் ஸ்வீப்ஸ்டேக்ஸுக்கே வந்துவிடுவேன்.

சரி, நண்பருக்கு வருகிறேன். அவர் கை என் கையைவிடக் குட்டை. குறைந்த 400 டொலரும் கையை வெட்டவே போய்விடும், அதற்கு முன் ஒரு கோடை நனைவார். அளவெடுத்துத் தைத்துத் தரும் இடத்தில் வாங்கட்டும். என்னுடையதை அவருக்கே விற்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். விற்க மாட்டேன்.

நேற்று இரவு ஒரு வாளியில் தண்ணீரும் ஐஸும் நிரப்பி, சூட்டைப் போட்டுக்கொண்டு, டோர்ச்சைப் பிடித்தபடி அரை மணி நேரம் கையை விட்டு வைத்தேன். உள்ளே காய்ந்தபடியே இருந்தது. வாளி ஆறு மீற்றர் இல்லை, தெரியும். மே மாதம் மூன்றாம் சனிக்கிழமைக்குப் படகு பதிந்துவிட்டேன்.