பிள்ளையின் மலை சைக்கிளுக்கு எந்த டிஸ்க் பிரேக்: கேபிளா, ஆயிலா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருச் சரிவில் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு லீவரை அமுக்குவதைப் பார்த்த பிறகுதான் பிரேக் பற்றியே யோசித்தேன்.

டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தோடு சுழலும் தட்டை (டிஸ்க்) இரண்டு பக்கமும் பேட் என்ற கட்டைகள் கவ்விப் பிடிப்பது. கேபிள் டிஸ்க் மலிவு. கேபிள் அறுந்தால் தெருமுனைக் கடையிலேயே மாற்றிவிடலாம். ஆனால் விலை குறைந்த ரகங்களில் பெரும்பாலும் ஒரு பக்கத்து பேட் மட்டும்தான் நகரும். அது டிஸ்கைத் தள்ளி எதிர்ப்பக்க பேடில் சாய்க்கும். பேட் தேயத் தேய நாம்தான் திருகி நெருக்க வேண்டும். மழைச்சேறு கேபிள் உறைக்குள் போனால் லீவர் இன்னும் இறுகும். ஒன்பது வயது விரலுக்கு அது பெரிய வேலை.

ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கில் இரண்டு பேடும் சேர்ந்து நகரும், தேய்மானத்தைத் தானே ஈடுகட்டும், ஒரு விரல் போதும். ஷிமானோ எம்டி200 போன்ற அடிப்படை ரகத்திலேயே லீவரைக் கைக்கு நெருக்கமாக வைக்கத் திருகு உண்டு. நான் மயங்கியது இதில்தான். தொல்லையும் உண்டு: உள்ளே காற்று புகுந்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், காற்றை எடுக்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில்தான். கார் பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல் கெட்டுவிடும்.

அபார்ட்மென்ட் வளாகத்துக்குள் ஓட்ட கேபிளே தாராளம். துரஹள்ளி மண்பாதைக்கு என்றால் ஹைட்ராலிக். எதை வாங்கினாலும் ஃபிரேமில் டிஸ்க் மாட்ட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்ஜெட் இடித்ததால் நாங்கள் முன்னால் மட்டும் ஆயில் போட்டோம், பின்னால் பழைய கேபிளே. சட்டென்று பிடிக்கிறது, இரண்டு நாள் காலி மைதானத்தில் பழக்கிய பிறகே சரிவில் விட்டேன்.